வர்ணம் பூசிய டாங்கிகள்

போன இதழில் நண்பர் எழுதிய கட்டுரைக்குப் பதில் எழுதும் உத்தேசம் எனக்கு இருக்கவில்லை. நாடுகளின் ராணுவங்கள் தங்களுக்குள் நடத்திக்கொள்ளும் திறன் போட்டிகளைப் பற்றி ஓர் இலக்கியக்காரர் எழுதுவதே அபூர்வம். எழுதிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தேன். ஆனால் சென்ற மாதம் நாங்கள் நாலைந்து பேர் வழக்கமாகக் கூடும் டீக்கடையில், ‘இந்த வருஷத்தின் முக்கியமான சிந்தனை’ என்று ஒருவர் அதைச் சொன்னார். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள். நானும் டீயைக் குடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். சும்மா இருந்தது வீட்டுக்கு வந்த பிறகு உறுத்தியது. முந்நூறு பிரதி அச்சாகி, அதில் பாதி ஆசிரியர் வீட்டுப் பரணில் தூங்கும் பத்திரிகைதான் இது. ஆனாலும் இதில் வருகிற ஒரு தவறான வாக்கியம், தினசரியில் வருகிற நூறு தவறான வாக்கியங்களைவிட எனக்கு அதிகத் தொந்தரவு கொடுக்கிறது. தினசரியை நான் நம்பி வாங்குவதில்லை.

நண்பரின் கட்சியை நேர்மையாகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒன்று: போரிடும் இச்சையை மனிதன் விட முடியாது, அதை ஆட்டமாக மாற்றிக்கொள்வது நாகரிகத்தில் ஒரு படி. எனவே படைகள் கோப்பைக்காக மோதுவது எல்லைக்காக மோதுவதன் பதிலி. இரண்டு: திறன் தன்னளவில் தூய்மையானது. குறி தப்பாமல் சுடுகிறவனின் அழகு அவன் எதைச் சுடுகிறான் என்பதைச் சார்ந்ததல்ல. கவிதையை அதன் விஷயத்தை வைத்து எடைபோடக் கூடாது என்று சொல்லிவந்த நாம் இதையும் அப்படியே பார்க்க வேண்டும். மூன்று: யார் வல்லவர் என்று தெரிந்துகொள்ள ரத்தம் தேவையில்லை, மதிப்பெண் போதும்.

மூன்றும் தவறு என்று நினைக்கிறேன். ஆனால் மூன்றிலும் ஒரு கவர்ச்சி இருக்கிறது. அதை மறைத்துவிட்டு வாதம் செய்வது எனக்குப் பிடிக்காது.

*

ஆகவே முதலில் ஓர் ஒப்புதல். நானும் பார்த்தேன், ரசித்தும் பார்த்தேன். நண்பர் விசேஷமாகக் குறிப்பிடும் ‘டாங்கி பயத்லான்’ பந்தயங்களை, வங்கியிலிருந்து வந்து சாப்பிட்ட பிறகு, இரண்டு ராத்திரி கைபேசியில் தொடர்ந்து பார்த்தேன். பயத்லான் என்பது பனியில் சறுக்கி ஓடி, இடையிடையே நின்று துப்பாக்கியால் குறி சுடும் குளிர்நாட்டு விளையாட்டு. சறுக்குக் கட்டைக்குப் பதிலாக 40 டன்னுக்கு மேல் எடையுள்ள டாங்கியை வைத்தால் ரஷ்யர்கள் 2013 ஆகஸ்டில் மாஸ்கோவுக்கு அருகே அலபினோ பயிற்சித் திடலில் ஆரம்பித்த பந்தயம் கிடைக்கும். முதல் வருஷம் ரஷ்யா, பெலாரஸ், கஜகஸ்தான், ஆர்மீனியா என்று நான்கே நாடுகள். மறு வருஷம் இந்தியா, சீனா உட்படப் பன்னிரண்டு. 2015-ல், செர்கேய் ஷொய்கு பாதுகாப்பு மந்திரியாக இருந்தபோது, இதை நடுநாயகமாக வைத்து ‘சர்வதேச ராணுவ விளையாட்டுகள்’ என்று பெரிய திருவிழாவே தொடங்கிவிட்டார்கள். பீரங்கிக்காரர்களுக்கு ஒன்று, விமானிகளுக்கு ஒன்று, ராணுவ மருத்துவர்களுக்கு ஒன்று, சமையற்காரர்களுக்குக்கூட ஒன்று. பிற்பட்ட வருஷங்களில் ‘கலாசார ராணுவம்’ என்ற பெயரில் பாட்டுக்கும் நடனத்துக்கும் ஒரு போட்டி சேர்ந்தது. இதை நண்பர் கவனிக்கவில்லை போலிருக்கிறது. கவனித்திருந்தால் இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருப்பார்.

டாங்கியில் மூன்று பேர்: தலைவன், பீரங்கி சுடுகிறவன், ஓட்டுகிறவன். தண்ணீரில் இறங்கி, மேட்டில் ஏறி, குறுகலான பாலத்தைக் கடந்து ஓட வேண்டும். ஏறத்தாழ 2 கி.மீ. தூரத்தில் எழும்பும் பலகையைச் சுட வேண்டும். தப்பினால் 500 மீட்டர் தண்டனைச் சுற்று. அந்த எடை அந்த வேகத்தில் மேட்டின் மேல் எழும்பி மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் அரைக் கணம் இருக்கிறதே, அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. இல்லை என்று நான் சொல்லப் போவதில்லை. மனிதர்கள் ஒரு கஷ்டமான காரியத்தைச் சரியாகச் செய்வதைப் பார்ப்பதில் உள்ள சந்தோஷம் அது.

இரண்டாம் நாள் ராத்திரிதான் ஒன்று கண்ணில் பட்டது. நண்பர் கண்ணில் அது படாதது எனக்கு ஆச்சரியம். படிமம் படிமம் என்று எங்களுக்கு வகுப்பெடுப்பவர் அவர். அந்த டாங்கிகள் வர்ணம் பூசியவை. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம், ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள். காரணம் எளிது. புழுதியில் எந்த வண்டி எந்த நாட்டினுடையது என்று காலரியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் காமிராவுக்கும் தெரிய வேண்டும்.

டாங்கிக்கு வர்ணம் எதற்கு என்று யோசியுங்கள். மண்ணோடு மண்ணாக, இலையோடு இலையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் அதற்குப் பழுப்பும் பாசிப்பச்சையும் தீற்றுகிறார்கள். எதிரே ஒருவன் தன்னைத் தேடிக்கொண்டிருக்கிறான் என்ற அறிவு அந்தப் பூச்சில் இருக்கிறது. அலபினோவில் தேடுகிறவன் இல்லை. அவன் இடத்தில் பார்வையாளன் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குத் தெரியாமல் இருப்பதல்ல, நன்றாகத் தெரிவதுதான் தேவை. நண்பர் ‘போரின் சாரம்’ என்று எழுதுகிற காட்சியில், போரிலிருந்து எடுக்கப்பட்டுவிட்ட ஒரே ஒரு சமாசாரம் எதிரிதான். மீதி எல்லாம் அப்படியே இருக்கிறது: இரும்பு, புகை, சத்தம், கொடி. எதிரியை எடுத்துவிட்ட பிறகு மிஞ்சுவது சாரமா சக்கையா என்பதுதான் எனக்கும் அவருக்கும் உள்ள வழக்கு.

*

மதிப்பெண் விஷயத்துக்கு வருகிறேன். போட்டி உண்மையைக் காட்டிவிடும் என்பவர்கள் நேட்டோ நாடுகளின் பழைய கதை ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெள்ளியில் செய்த ஒரு செஞ்சூரியன் டாங்கி, 1963-ல் கனடிய ராணுவம் கொடுத்த கோப்பை. அதற்காக மேற்கு ஜெர்மனியில் நேட்டோ நாடுகளின் டாங்கிப் படைகள் குறி சுடும் போட்டியில் மோதின. பனிப்போர்க் காலம். எதிரே சோவியத் டாங்கிகள் வரிசையாக நிற்பதாக எல்லோரும் நம்பிய நிலம். ஆகவே இது வெறும் பொழுதுபோக்கு அல்ல. படைகளின் மானமும், அவற்றுக்கு டாங்கி செய்துகொடுத்தவர்களின் மானமும் இதில் இருந்தன.

1987-ல் கிராஃபன்வேரில் நடந்த போட்டியில் அமெரிக்கர்கள் முதன்முறையாக வென்றார்கள். பிரிட்டனின் சாலஞ்சர் டாங்கி கடைசியில் வந்தது. லண்டனில் தலைகுனிவு, கேள்விகள். பிரிட்டன் அதற்குப் பிறகு அந்தப் போட்டிக்கே போகவில்லை. நான்கு வருஷம் கழித்து, 1991-ல், அதே சாலஞ்சர் வளைகுடாப் போரில் இறங்கியது. இராக்கியர் குண்டுக்கு ஒரு சாலஞ்சர்கூட அழியவில்லை. 4 கி.மீ.-க்கும் அப்பாலிருந்த ஓர் இராக்கிய டாங்கியை அது சுட்டு வீழ்த்தியதை இன்றும் பெருமையாகச் சொல்கிறார்கள். கடைசி மதிப்பெண் வாங்கிய வண்டி.

அதே கிராஃபன்வேரில் 2016 முதல் 2018 வரை வேறொரு பெயரில் டாங்கிப் போட்டி நடந்தது. 2017-லும் 2018-லும் உக்ரேன் அணி வந்திருந்தது. 2017-ல் ஆஸ்திரியா முதலிடம், 2018-ல் ஜெர்மனி. இரண்டு தடவையும் முதல் மூன்று இடங்களில் உக்ரேன் இல்லை. இன்னொரு பக்கம் அலபினோவில் வருஷா வருஷம் முதலிடம் ரஷ்யாவுக்கு. மதிப்பெண்ணை நம்பி ஒருவர் 2022 பிப்ரவரி 24-ந் தேதி பந்தயம் கட்டியிருந்தால் எதன்மேல் கட்டியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. சில நாட்களில், கீவ் நகருக்கு வடக்கே ரஷ்ய வண்டிகள் ஏறக்குறைய 64 கி.மீ. நீளத்துக்கு வரிசையாக நின்றுவிட்டதை உலகமே செயற்கைக்கோள் படத்தில் பார்த்தது. எரிபொருள் போதவில்லை, சாப்பாடு போதவில்லை, சுற்றிலும் எதிர்த்துச் சுட ஆள் இருந்தது. சமையலுக்கும் வண்டி ஓட்டுவதற்கும் தனித்தனியாகக் கோப்பை வைத்து விளையாடிய ராணுவம் அது.

நண்பர் உடனே சொல்வார்: அப்படியானால் விதிகள் சரியில்லை, விதியைத் திருத்தலாம் என்று. இது விதியின் கோளாறு அல்ல என்பது ஒரு குமாஸ்தாவாக எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வங்கியில் கிளைகளுக்கிடையே ஒரு போட்டி உண்டு. குறித்த மாதத்துக்குள் எந்தக் கிளை அதிகக் கணக்குகள் திறக்கிறதோ அதற்குக் கேடயம். ஒரு வருஷம் எங்கள் கிளை வாங்கியது. பாரங்களில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அலைந்தவர்களில் நானும் ஒருவன். ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்களின் பாட்டிகளுக்கெல்லாம் கணக்குத் திறந்தோம். பாதிக் கணக்குகளில் அதற்குப் பிறகு ஒரு ரூபாய் வரவும் இல்லை, பற்றும் இல்லை. இதில் ஏமாற்று ஒன்றும் கிடையாது, எல்லாம் விதிப்படி. விதி எதை எண்ணியதோ அதை நாங்கள் கொடுத்தோம். கேடயம் மேனேஜர் அறையில் இருக்கிறது. விதியை மாற்றியிருந்தால் மாற்றிய விதிக்குத் தகுந்த கணக்குகளைத் திறந்திருப்போம்.

எண்ண முடிந்ததைத்தான் போட்டி எண்ணும். பலகை விழுந்ததா என்று எண்ணலாம். சுற்றை முடிக்க எத்தனை நிமிஷம் என்று எண்ணலாம். பக்கத்து வண்டி எரிவதைப் பார்த்த பிறகும் ஒருவன் தன் வண்டியை முன்னால் செலுத்துவானா என்பதை எண்ண முடியாது. செலுத்த வேண்டுமா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அந்தக் கேள்வி எழக்கூட இடமில்லாதபடிதான் திடலை அமைத்திருக்கிறார்கள்.

*

அடுத்து, பதிலி என்ற வாதம். இது நண்பரின் சொந்தச் சரக்கு அல்ல. இதற்கு ஒரு கண்ணியமான பூர்வீகம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து மூன்று வருஷத்துக்குள், 1948 பிப்ரவரியில், பிரான்ஸின் நீஸ் நகரத்தில் பிரான்ஸ், பெல்ஜியம், டென்மார்க், லக்ஸம்பர்க், நெதர்லாந்து ஆகிய ஐந்து நாடுகளின் ராணுவ அதிகாரிகள் கூடிச் சர்வதேச ராணுவ விளையாட்டுக் கவுன்சிலை அமைத்தார்கள். விளையாட்டின் வழியே நட்பு என்பது அவர்கள் கோஷம். போரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் சொன்னது. கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கவுன்சிலின் உலக விளையாட்டுகள் 1995-ல் ரோமில் தொடங்கின. 2007-ல் நம் ஹைதராபாத்திலும் நடந்தன. ஓட்டம், நீச்சல், கால்பந்து. ராணுவத்தில் இருக்கிற பையன்கள் மற்றப் பையன்களைப் போல விளையாடுகிறார்கள் என்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது.

ஆனால் நட்பு கோஷத்தில் இருக்கிறது. பதிலி என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை. அது நண்பர் சேர்த்துக்கொண்டது. பதிலி என்றால் ஒன்று வந்தால் மற்றது போக வேண்டும். அலபினோவில் 2013-ல் பந்தயம் தொடங்கியது. அடுத்த வருஷத்திலேயே க்ரைமியா போயிற்று. உக்ரேனின் கிழக்கில் சண்டை தொடங்கிற்று. அந்த வருஷமும் பந்தயம் நடந்தது, அதற்கடுத்த வருஷங்களிலும் நடந்தது. 2022 பிப்ரவரியில் முழுப் போர் வந்தது. அந்த ஆகஸ்டிலாவது வெட்கப்பட்டு நிறுத்தினார்களா? இல்லை. ஒரு பக்கம் நிஜ டாங்கிகள் நிஜ ஊர்களுக்குள் எரிந்துகொண்டிருக்க, இன்னொரு பக்கம் வர்ணம் பூசிய டாங்கிகள் சுற்றி வந்தன. காலரியில் கொடி ஆட்டினார்கள். 2023-ல்தான் விளையாட்டு நடக்கவில்லை. ஆட்டம் போரை நிறுத்தியதாக ஓர் உதாரணம் இதில் எனக்குக் கிடைக்கவில்லை. போர் கடைசியில் ஆட்டத்தை நிறுத்தியதற்கு ஒன்று கிடைத்திருக்கிறது.

பதிலி இல்லையென்றால் இது பிறகு என்ன? கடைத்தெருக் கண்ணாடி அலமாரி என்று சொல்லலாம். பெரும்பாலான நாடுகள் ஓட்டியவை போட்டியை நடத்துகிறவர்கள் இரவல் கொடுத்த ரஷ்ய டாங்கிகள். அதே ஆகஸ்டில், பக்கத்துக் கூபின்காவில், அதே அமைச்சகத்தின் ஆயுதக் கண்காட்சி. ஓட்டிப் பாருங்கள், பிடித்தால் வாங்குங்கள் என்பதில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆனால் விற்பனை மட்டும் காரணம் என்றால் கண்காட்சி போதும். இவ்வளவு ஆரவாரம் வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிற சாதாரண மனிதனுக்கு டாங்கியைப் பழக்கிவிடுவது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன். டாங்கி என்றால் சிவப்பு, நீலம், வேகம், கோப்பை என்று ஒன்பது வருஷம் பழகிய மனம், அது பழுப்பு நிறத்தில் எல்லை தாண்டும்போது என்ன கேள்வி கேட்கும்? எத்தனையாவது சுற்று என்று கேட்கும்.

*

திறன் தூய்மையானது என்ற இரண்டாவது வாதத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டதற்குக் காரணம், அதுதான் நம் வீட்டுக்குள்ளிருந்து வருவது.

1946-ல் ஹென்றி டெப்ரூ என்ற பிரெஞ்சு அதிகாரி, டச்சுப் பாராசூட் வீரர்களின் பயிற்சியைப் பார்த்துவிட்டு, ஐந்து அங்கங்கள் கொண்ட ராணுவ விளையாட்டு ஒன்றை உருவாக்கினார். பாராசூட்டில் இறங்கியவன் அடுத்து என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதிலிருந்து பிறந்த யோசனை. இன்று அதில் இருப்பவை துப்பாக்கி சுடுதல், தடை தாண்டி ஓடுதல், தடைகளோடு நீந்துதல், கையெறி குண்டு வீசுதல், காட்டோட்டம். பாராசூட்டும் போய்விட்டது, பகைவனின் நிலமும் போய்விட்டது. கையெறி குண்டு மட்டும் நிற்கிறது. வெடிக்காத பொய்க்குண்டுதான். தூரத்தில் ஒரு வட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்குள் விழ வேண்டும். விழுந்தால் புள்ளி.

நான் அந்த வட்டத்தைப் பற்றி யோசிக்கிறேன். ஈட்டி எறிதலும் ஒரு காலத்தில் கொலைத் தொழில்தான், அது விளையாட்டாகிவிடவில்லையா என்று நண்பர் கேட்பார். ஆகிவிட்டது, ஏனென்றால் இன்று எந்தப் படையும் ஈட்டியோடு போவதில்லை. அந்தக் கொலை செத்துவிட்டது, விளையாட்டு மிஞ்சியது. கையெறி குண்டின் கொலை சாகவில்லை. திங்கட்கிழமை வட்டத்துக்குள் வீசிப் புள்ளி வாங்கிய அதே கை, உத்தரவு வந்தால் செவ்வாய்க்கிழமை ஒரு பதுங்குகுழிக்குள் வீசும். வட்டம் என்பது குழியின் மேலிருந்து பார்த்த படம். உள்ளே இருந்தவனை அழித்துவிட்டு வரைந்த படம்.

நண்பரின் கட்டுரையில் ‘சுடுகிறான்’ என்ற வினை பதினொரு தடவை வருகிறது. எண்ணிப் பார்த்தேன், எண்ணுவதுதானே என் தொழில். பதினொன்றில் ஒரு தடவைகூட யாரை என்று இல்லை. எதை என்றுகூட இரண்டே இடத்தில்தான். செயப்படுபொருள் இல்லாத இந்த வாக்கியத்தைத்தான் அவர் தூய்மை என்கிறார். தமிழில் செயப்படுபொருளைச் சொல்லாமல் விடலாம், வாக்கியம் நொண்டாது. ஆனால் சொல்லாமல் விடுவது வேறு, இல்லை என்பது வேறு. கவிதையை விஷயத்தை வைத்து எடைபோடாதே என்று நாம் சொன்னது, நல்ல விஷயம் என்பதற்காக மோசமான கவிதையை ஏற்காதே என்ற அர்த்தத்தில். உபதேசிகளுக்கு எதிராகச் சொன்னது. கவிதைக்கு விஷயமே கிடையாது என்று யாரும் சொல்லவில்லை. அந்த நல்ல வாதத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒரு ராணுவ அமைச்சகத்தின் காலரியில் உட்கார வைத்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. உத்தியை மட்டும் எண்ணி எண்ணி மதிப்பெண் போடும் விமர்சனத்தை நாம் பத்து வருஷமாகச் செய்துவந்ததன் வினை இது என்று எனக்குச் சந்தேகம். இதில் நானும் குற்றவாளி.

எல்லாப் போட்டியும் ஒன்றே என்று சொல்ல வரவில்லை. வேல்ஸ் நாட்டு மலைகளில் 1959 முதல் ‘கேம்ப்ரியன் ரோந்து’ என்று ஒன்று நடக்கிறது. எட்டுப் பேர் கொண்ட குழு முதுகில் சுமையோடு மழையிலும் சேற்றிலும் 48 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 60 கி.மீ. நடக்க வேண்டும், வழியில் ரோந்துக்காரனுக்கு நேரக்கூடியவை எல்லாம் நேரும். பல நாட்டுப் படைகள் போகின்றன. 2021-ல் நம் கூர்க்கா பட்டாளம் ஒன்று தங்கப் பதக்கம் வாங்கிற்று. அங்கே முதலாவது இரண்டாவது என்று இல்லை. ஒரு தரத்தை எட்டியவர்கள் எல்லோருக்கும் தங்கம். காலரி இல்லை, வர்ணம் இல்லை. அது தன்னைப் பயிற்சி என்கிறது. போருக்கான பயிற்சி என்பதை ஒளிக்கவில்லை. போரை நான் ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம். ஆனால் அதில் பொய் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

*

கடைசியாக ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவரை வைத்து வாதம் செய்ய எனக்குக் கூச்சம். கேட்டேன். “பேர் போடாம எழுதுங்க சார்” என்றார்.

எங்கள் கிளையில் எனக்கு அடுத்த கவுண்டரில் இருப்பவர், முன்னாள் ராணுவத்தினருக்கான ஒதுக்கீட்டில் வந்தவர். வேலூர்ப் பக்கம். பதினேழு வருஷம் டாங்கிப் படையில் டி-72 ஓட்டியவர். ஆவடித் தொழிற்சாலையில் செய்த வண்டி. அவருக்கு இடது காது சரியாகக் கேட்காது. டோக்கன் நம்பரைத் திருப்பிக் கேட்பார். அவசரத்தில் இருக்கும் வாடிக்கையாளர்கள் கத்துவார்கள். அவர் வேகத்துக்கு எங்கள் வங்கி போடும் மதிப்பெண் குறைவு.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவரிடம் 2017 பந்தயத்தைக் காட்டினேன். அந்த வருஷம் இந்தியா தன் சொந்த டி-90 டாங்கிகளைக் கொண்டுபோயிருந்தது. முதல் வண்டியில் விசிறி பெல்ட் அறுந்தது, மாற்று வண்டியில் எஞ்சின் எண்ணெய் ஒழுகியது, அணி வெளியேறியது. நம் பத்திரிகைகள் கேலியும் கண்ணீருமாக எழுதின. அவர் சிரிக்கவில்லை. “வண்டின்னா நிக்கும் சார். நிக்கலைன்னாத்தான் ஆச்சரியம். நின்னா எறங்கிப் பாக்கணும். எறங்கறது எங்கங்கறதுதான் விஷயம்” என்றார்.

பிறகு திரையில் இரண்டு வரிசைக் கம்புகளுக்கு நடுவே ஒரு டாங்கி போனது. இது என்ன என்று கேட்டார். கண்ணிவெடி நிலத்தைக் கடக்கும் பாதையாம் என்றேன்.

“கம்புல இடிச்சா?”

“தண்டனை நேரம் சேர்ப்பார்கள்.”

“அவ்ளோதானா?” என்று கேட்டுவிட்டு டிபன் டப்பாவை மூடினார்.

அவர் 2001 டிசம்பரிலிருந்து 2002 அக்டோபர் வரை ராஜஸ்தான் எல்லையில் இருந்தவர். பாராளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு இந்திய ராணுவம் முழுக்க எல்லைக்குப் போய்ப் பத்து மாதம் நின்றது. ‘ஆபரேஷன் பராக்ரம்’ என்று பெயர். போர் வரவில்லை. ஆனால் கண்ணிவெடி புதைப்பதிலும், பிறகு அதே வெடிகளைத் தோண்டி எடுப்பதிலும், விபத்துகளிலும் நம் வீரர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். “மணல் நவுரும் சார். நாம வெச்ச எடத்துல அது இருக்காது” என்றார். அதற்குமேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்தப் பத்து மாதத்துக்கு மதிப்பெண் பலகை கிடையாது. யார் முதலாவது?

2019 ஆகஸ்டில் அதே பாலைவனத்தில், ஜெய்ஸால்மரில், அந்த ராணுவ விளையாட்டுகளின் ஓர் அங்கமாக வேவுப்படைப் போட்டி நடந்தது. எட்டு நாடுகள், இந்தியா முதலிடம். இதையும் அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. “நம்ம பசங்களா? நல்லது சார்” என்றார். நிஜமான சந்தோஷம். என் கட்சிக்கு அது இடைஞ்சல் என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். தன்னைப் போன்ற பையன்கள் ஒரு கஷ்டமான காரியத்தைச் சரியாகச் செய்தார்கள் என்பதில் அவருக்குப் பெருமை. ஆனால் அதையும் பராக்ரமையும் அவர் ஒன்றுக்கொன்று பதிலியாக்கவில்லை. இரண்டும் அவருக்குள் தனித்தனியாக இருக்கின்றன; கம்பும் கண்ணிவெடியும் வேறு என்று அவருக்குத் தெரியும். அந்தச் சாதாரண வித்தியாசத்தைத்தான் நண்பரின் கட்டுரை அழிக்கப் பார்க்கிறது. நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் அதைச் செய்வதால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

நண்பர் பதில் எழுதட்டும். திறனைப் பற்றியே எழுதட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. இந்தத் தடவை அந்தப் பதினொரு வாக்கியங்களிலும் யாரை என்று சேர்த்து எழுதட்டும். சேர்த்த பிறகும் வாக்கியம் அதே அழகோடு நின்றால் நான் தோற்றேன் என்று இதே பத்திரிகையில் எழுதுகிறேன். இடம் ஆசிரியர் கொடுப்பார். அடுத்த இதழ் வந்தால்.